மிலிட்டரி பிரிண்ட் துணிக்கு எந்த ஹெச்எஸ் கோடு? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஏனுங்ணா, இந்த மிலிட்டரி துணிக்குன்னு தனி நம்பர் இருக்குதுங்களா?"

சோமனூர் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் என் மேஜையில் ஒரு துண்டுத் துணியைப் போட்டுவிட்டு இப்படிக் கேட்டார். பச்சை, காக்கி, பழுப்பு, கறுப்பு என்று நாலு நிறம் திட்டுத் திட்டாகப் படிந்த ட்வில் (சாய்கோடு விழும் நெசவு) துணி. வெளிநாட்டு ஆர்டர் ஒன்று முதல்முறையாக நேரடியாக வந்திருக்கிறது, இன்வாய்ஸில் என்ன கோடு போடுவது என்று தெரியவில்லை. திருப்பூரில் டாக்குமென்டேஷன் வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளும் முதல் வாரத்திலேயே இதைத்தான் கேட்கிறார்கள்.

தனி நம்பர் கிடையாது. சுங்க வரிக்காகச் சரக்குகளுக்கு எண் கொடுக்கும் பட்டியல்தான் ஹெச்எஸ். உலகச் சுங்க அமைப்பு நடத்தும் அந்த அட்டவணையில் ஜவுளிக்கென்று 50 முதல் 63 வரை 14 அத்தியாயங்கள் இருக்கின்றன. கோடில் உலகம் முழுக்கப் பொதுவான முதல் 6 இலக்கத்துக்குள் கேமோ (மிலிட்டரி மறைப்பு) டிசைனுக்கென்று ஒரு வரிசையும் இல்லை. அட்டவணை கேட்பதெல்லாம் இதுதான்: பின்னியதா நெய்ததா, என்ன இழை, எத்தனை கிராம், மேலே பூச்சு உண்டா, எப்படி வெட்டித் தைத்திருக்கிறது. அதனால் டிசைனை மறந்துவிட்டுத் துணியைக் கையில் எடுங்கள். டிசைனுக்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மேஜையில் என்ன வேண்டும்

ஒரு பிக் கிளாஸ் (நூலைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி), ஒரு ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) கட்டர், இரண்டு தசமம் காட்டும் சின்னத் தராசு, ஊசி, லைட்டர். இவ்வளவு போதும். பையர், அதாவது சரக்கை வாங்குகிறவர், அனுப்பிய டெக் பேக் (உடையின் விவரத் தாள்) பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் அதை நம்பி மட்டும் கோடு போடாதீர்கள். டெக் பேக்கில் 'காட்டன் ரிச்' என்று எழுதியிருப்பார்கள். துணியைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பாலியெஸ்டராக இருக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

முதல் படி: பனியன் துணியா, தறித் துணியா

இது நம் ஊர் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைப்பேன். ஆனால் பிரிண்ட் கனமாக ஏறிய துணியில் கண் ஏமாறும். அதனால் துணியின் பின்பக்கத்தைத் திருப்பி, பிக் கிளாஸை வைத்துப் பாருங்கள். லூப்புக்குள் லூப் கோத்திருந்தால் பின்னல். பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் நெசவு. ஓரத்தில் ஒரு நூலை ஊசியால் தூக்கி இழுங்கள்: நெசவில் நேராக உருவிக்கொண்டு வரும், பின்னலில் நெளிந்து நெளிந்து அவிழும்.

இதிலிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. பின்னல் துணி என்றால் 60-ம் அத்தியாயம், அதில் தைத்த உடை 61. நெய்த துணி என்றால் இழையைப் பொறுத்து 50 முதல் 55 வரை, அதில் தைத்த உடை 62. திருப்பூர் கேமோ டி-ஷர்ட் 61-க்கும், சோமனூர் ட்வில்லில் தைத்த கார்கோ பேன்ட் 62-க்கும் போகும். இரண்டும் ஒரே டிசைனாக இருக்கலாம், ஒரே பெட்டியில் போகலாம். கோடு வேறு வேறுதான்.

இரண்டாம் படி: இழை

மிச்ச எல்லாப் படியையும் விட இங்கேதான் பணம் அதிகம் கைமாறுகிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

விதி எளிது. கலப்புத் துணி என்றால் எடையில் எந்த இழை அதிகமோ அந்த இழையின் துணியாகவே முழுவதும் கணக்கு. 55% பருத்தி, 45% பாலியெஸ்டர் என்றால் பருத்தித் துணி. 97% பருத்தி, 3% எலாஸ்டேன் என்றாலும் நெசவில் பருத்திதான். சரிபாதியாக நின்றால், பொருந்தும் தலைப்புகளில் எண் வரிசைப்படி கடைசியில் வருவதை எடுக்க வேண்டும். 50-50 பருத்தி பாலியெஸ்டர் நெசவுத் துணி பருத்திக்கான 52-க்குப் போகாமல் செயற்கை இழைப் பக்கம் போய்விடுவது இதனால்தான்.

பலர் தவறவிடும் ஒரு வரி உண்டு. 54-ம் அத்தியாயம் ஃபிலமென்ட் (அறுபடாமல் நீளும் செயற்கை இழை), 55-ம் அத்தியாயம் ஸ்டேப்பிள் (குட்டையாக வெட்டிய செயற்கை இழை). வேறொரு அத்தியாயத்தோடு ஒப்பிடும்போது இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எடை போட வேண்டும். 40% பருத்தி, 35% பாலியெஸ்டர் ஃபிலமென்ட், 25% விஸ்கோஸ் ஸ்டேப்பிள் உள்ள துணியைப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் பருத்திதான் பெரியது. ஆனால் ஃபிலமென்டும் ஸ்டேப்பிளும் சேர்ந்து 60% ஆகிறது. அதனால் துணி பருத்தியை விட்டுச் செயற்கை இழைப் பக்கம் போகிறது. அப்புறம் அந்த இரண்டுக்குள் பெரியதான ஃபிலமென்ட், அதாவது 54, வெல்கிறது.

கையில் சோதிக்க லைட்டர் போதும். பாவிலிருந்து ஒரு நூல், ஊடையிலிருந்து ஒரு நூல் என்று தனித்தனியாக எடுத்துக் கொளுத்துங்கள், ஏனென்றால் இரண்டும் வேறு இழையாக இருக்கலாம். பருத்தி காகிதம் போல எரியும், காகிதம் எரிந்த வாசம் வரும், விரலில் தேய்த்தால் சாம்பல் பொடியாகும். பாலியெஸ்டர் தீயைக் கண்டு சுருங்கி உருகும், நுனியில் கறுப்பாக ஒரு மணி கட்டும், ஆறியதும் நகத்தால் கிள்ளினாலும் உடையாது. கலப்பு நூல் எரியவும் செய்யும், கொஞ்சம் உருகவும் செய்யும், நுனி சொரசொரப்பாக நிற்கும். கலப்பு இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இது உதவும். சதவீதம் வேண்டுமென்றால் லேபுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். கோயம்புத்தூரில் 1956 முதல் நடக்கும் ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ரா இருக்கிறது, டெக்ஸ்டைல்ஸ் கமிட்டியின் லேப் இருக்கிறது. 50-க்கு அருகே நிற்கும் எந்தக் கலப்புக்கும் அந்த ரிப்போர்ட் இல்லாமல் நான் கோடு போடுவதில்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? அமெரிக்க அட்டவணையில் ஆண்களுக்கான நெய்த பேன்ட் பருத்தி என்றால் 6203 42, பொது வரி 16.6%. செயற்கை இழை என்றால் 6203 43, பொது வரி 27.9%. ஒரு பேன்ட் 10 டாலர், 10,000 பீஸ் என்று வையுங்கள். இரண்டுக்கும் இடையே 11,300 டாலர் வித்தியாசம். அதே கேமோ பிரிண்ட், அதே பாக்கெட், அதே பட்டன். கலப்பு 55-45 என்று இருந்தது 45-55 என்று மாறியது மட்டும்தான். டி-ஷர்ட்டிலும் இதே கதை: பருத்தி 16.5%, செயற்கை இழை 32%. கொட்டேஷன் போடும் நாளில் மெர்ச்சண்டைசருக்கு (ஆர்டரைக் கவனிப்பவருக்கு) இது தெரிந்திருந்தால், "கலப்பைக் கொஞ்சம் மாற்றலாமா" என்று பையரிடம் அன்றைக்கே கேட்டுவிடலாம். துணி நெய்து முடிந்த பிறகு தெரிந்து பயனில்லை.

மூன்றாம் படி: எடை, நெசவு, பிரிண்ட்

துணியாகவே ஏற்றுமதியோ இறக்குமதியோ செய்கிறவர்களுக்கு இந்தப் படி. உடை மட்டும் அனுப்புகிறவர்கள் தாண்டிப் போகலாம்.

ஜிஎஸ்எம் கட்டர் வெட்டும் வட்டம் 100 சதுர சென்டிமீட்டர். அதன் எடையை 100-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். 2.24 கிராம் வந்தால் 224. துணியின் மூன்று இடங்களில் வெட்டிச் சராசரி எடுங்கள். பிரிண்ட் கனமாக விழுந்த இடமும் லேசாக விழுந்த இடமும் ஒரே எடை காட்டாது.

பருத்தி 85% அல்லது அதற்கு மேல் என்றால், 200 ஜிஎஸ்எம் வரை 5208, அதைத் தாண்டினால் 5209. பருத்தி அதிகமாக இருந்து ஆனால் 85%-க்குக் கீழே, கலந்திருப்பது பெரும்பாலும் செயற்கை இழை என்றால், 200 வரை 5210, மேலே 5211. பாலியெஸ்டர் ஸ்டேப்பிள் அதிகம், பருத்தி கலந்தது என்றால் கோடு வேறு இடத்தில் விழுகிறது: 170 வரை 5513, மேலே 5514. 200, 170 என்ற இந்த இரண்டு எண்ணையும் குழப்பிக்கொள்ளாத புதியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு அட்டையில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

அடுத்து நெசவு. கேமோ துணிகள் பெரும்பாலும் ட்வில் அல்லது ரிப்ஸ்டாப். 2/1 என்றால் 3 நூல் ட்வில், 3/1 என்றால் 4 நூல் ட்வில். இரண்டுக்கும் ஒரே துணைத்தலைப்பு, ப்ளெயினுக்கு வேறு. சின்னச் சின்னக் கட்டமாகத் தடித்த நூல் ஓடும் ரிப்ஸ்டாப்பில் வாதம் வர இடமுண்டு. லேப் ரிப்போர்ட்டிலேயே நெசவின் பெயரைக் குறிப்பிடச் சொல்லிவிடுங்கள்.

டிசைன் கோடுக்குள் நுழையும் ஒரே வாசல் இதுதான்: துணி பிரிண்ட் செய்ததா, சாயம் போட்டதா, பல நிற நூலால் நெய்ததா. ரோட்டரியில் ஓட்டினாலும், டேபிளில் ஸ்கிரீன் வைத்து அடித்தாலும், டிரான்ஸ்ஃபர் பேப்பரில் அழுத்தினாலும் அது 'பிரிண்ட்'. ஸ்ப்ரே கன்னால் அடித்ததையும் பிரிண்ட் என்றே குறிப்பு சொல்கிறது. ஜக்கார்டு தறியில் பல நிற நூலைக் கொண்டே திட்டுகளை நெய்து எடுத்தால் 'வெவ்வேறு நிற நூல்' என்ற வரிசை. அதன்மேல் பிரிண்டும் அடித்திருந்தால் பிரிண்ட்தான் நிற்கும்.

அந்தச் சோமனூர்க்காரரின் துணியை இப்படித்தான் இறக்கினோம். 65% பாலியெஸ்டர் ஸ்டேப்பிள், 35% பருத்தி. 224 ஜிஎஸ்எம். 3/1 ட்வில். ரோட்டரி பிரிண்ட். 5514-க்குள் பிரிண்ட் வரிசை 4-ல் தொடங்குகிறது, அதில் ட்வில் 42. ஆக 5514 42. காடாவாகவே வெளுக்காமல் அனுப்பியிருந்தால் இதே துணி வேறு வரிசையில் விழுந்திருக்கும்.

நான்காம் படி: பூச்சு

மழைக்கோட்டு, வேட்டை ஜாக்கெட், கூடாரத் துணி எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி வரும். துணியின்மேல் பிளாஸ்டிக் பூச்சோ ஃபிலிமோ இருந்தால் அது 5903. அதில் தைத்த உடை நெசவு என்றால் 6210, பின்னல் என்றால் 6113. ஆனால் பூச்சு வெறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பூச்சால் நிறம் மாறியிருக்கிறது என்பது கணக்கில் சேராது.

துணியை ஜன்னலுக்கு எதிரே பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். பின்பக்கம் நூல் இடைவெளிகளை மூடி மினுமினுப்பாக ஒரு படலம் படிந்திருந்தால் பூச்சு தெரிகிறது என்று அர்த்தம். தண்ணீர் விட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது, ஆனால் படலம் ஒன்றும் தெரியவில்லை என்றால் அது வாட்டர் ரிப்பெல்லென்ட் ஃபினிஷ் மட்டுமே. அந்தத் துணி பழைய அத்தியாயத்திலேயே இருக்கும், ஜாக்கெட்டும் 6201 பக்கமே இருக்கும்.

பூச்சு ரொம்பக் கனமானால் ஜவுளியை விட்டே வெளியே போய்விடும். 15 முதல் 30 டிகிரி வெப்பத்தில் 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையைச் சுற்றிக் கையால் வளைத்தால் முறியாமல் வளைய வேண்டும். முறிந்தால் பொதுவாக 39-ம் அத்தியாயம், பிளாஸ்டிக். பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் கிட்டத்தட்ட இந்தத் தடிமன்தான், முதல் பார்வைக்கு அதைச் சுற்றியே பார்த்துவிடலாம். இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியும்படி முழுக்கப் பிளாஸ்டிக்கால் மூடிய துணியும் 39-க்குத்தான்.

ஐந்தாம் படி: வெட்டும் தையலும்

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கேமோ மேல்சட்டை ஆர்டர். காலர் இருந்தது, முன்னால் முழுக்கப் பட்டன், நெஞ்சில் இரண்டு பாக்கெட். மெர்ச்சண்டைசர் 'ஷர்ட்' என்று எழுதியிருந்தார். நானும் 6205 என்று போட்டேன். பீஸை விரித்து முழுசாகப் பார்க்கவில்லை. இடுப்புக்குக் கீழே மூடி வைத்த இரண்டு பெரிய பாக்கெட் இருந்தது. சரக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அந்த நாட்டுச் சுங்க அதிகாரி அதைத்தான் முதலில் காட்டியிருக்கிறார். கோடு மாறியது, வரி மாறியது, சரக்கு நின்ற நாட்களுக்கு வாடகை ஏறியது, பையர் அதை எங்கள் பில்லில் கழித்தார். அன்றிலிருந்து பீஸை மேஜையில் மல்லாக்க விரித்து, காலரிலிருந்து ஹெம் வரை கையால் தடவிப் பார்க்காமல் நான் கோடு எழுதுவதில்லை.

இடுப்புக்குக் கீழே பாக்கெட், அடியில் ரிப் பட்டை, அடியை இறுக்கும் கயிறு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது சட்டைத் தலைப்புக்கு வராது. பின்னலில் 6105, 6106 என்ற சட்டைகளுக்கு இது ரொம்ப நாளாக இருக்கும் விதி. நெசவின் 6205, 6206-க்கும் 2022 திருத்தத்தில் குறிப்பாகவே சேர்த்துவிட்டார்கள். கை இல்லாதது ஆண்கள் சட்டைத் தலைப்புக்கு வராது. ராணுவ பாணி மேல்சட்டைக்குக் கீழ்ப் பாக்கெட் வைப்பதுதான் வழக்கம் என்பதால் கேமோ உடையில் இந்தப் பொறி அடிக்கடி கிடக்கிறது. வெட்டைப் பார்த்து 6201, 6203, 6211 ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டியிருக்கும்.

பனியன் பக்கம் வந்தால், காலர், பட்டன், அடி இறுக்கம் எதுவும் இல்லாத லேசான டி-ஷர்ட் 6109. காலரும் பாதிப் பட்டனும் வைத்த ஆண்கள் போலோ 6105. ஹூடி, ஸ்வெட்ஷர்ட் 6110. 86 சென்டிமீட்டர் உயரம் வரையுள்ள குழந்தைகளின் உடை, எந்த வெட்டாக இருந்தாலும் பின்னலில் 6111, நெசவில் 6209. கேமோ ரோம்பருக்கு இப்போது நல்ல ஓட்டம் இருக்கிறது, அதன் சைஸ் சார்ட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். முன்பக்கம் இடது பக்கம் வலது பக்கத்தின் மேல் மூடினால் ஆண், மாற்றி மூடினால் பெண். எது என்றே சொல்ல முடியாவிட்டால் பெண்கள் தலைப்பு.

செட் விற்கிறவர்கள் கவனிக்க: கேமோ பேன்ட்டும் பச்சை டி-ஷர்ட்டும் ஒரே கவரில் போட்டு விற்றாலும் இரண்டுக்கும் தனித்தனிக் கோடு. உடைகளுக்கு 'செட்' சலுகை இல்லை. மேலும் கீழும் ஒரே துணி, ஒரே நிறம், ஒரே கலப்பு, பொருந்தும் சைஸ், சில்லறை விற்பனைக்குச் சேர்த்தே கட்டியது என்றால் மட்டும் என்செம்பிள் என்ற தலைப்பைப் பார்க்கலாம். கட்டிங் பீஸ்களாக வந்தாலும் தப்பிக்க முடியாது. முழு உடைக்கான எல்லாப் பாகமும் ஒன்றாக வந்தால் அதைத் தைத்து முடித்த உடையாகவே எண்ணுவார்கள்.

ஆறாம் படி: உடை இல்லாத சாமான்கள்

கரூர்க்காரர்களுக்கு இந்தப் படி. கொசுவலை ஓட்டும் ராஷல் (பாவு நூலிலேயே பின்னும்) மெஷினில் கேமோ வலைக்கும் ஆர்டர் பிடிக்கிறார்கள்.

தைத்து, ஓரம் கட்டி, உபயோகத்துக்குத் தயாரான ஜவுளிக் கேமோ வலை 5608. இந்தத் தலைப்பின் விளக்கக் குறிப்பிலேயே கேமோ வலையின் பெயர் இருக்கிறது. நான் மேலே சொன்ன 'தனி வரிசை இல்லை' என்பதற்கு மிக அருகில் வரும் இடம் இதுதான். வலையாக ஓரம் கட்டாமல் ரோலாகப் போகும் ராஷல் துணி என்றால் 60-ம் அத்தியாயத்தின் வார்ப் பின்னல் வரிசையைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் நூலையே அளக்க வேண்டும். ஹெச்டிபிஇ மோனோஃபிலமென்ட் (பிளாஸ்டிக்கில் இழுத்த ஒற்றை இழை) குறுக்களவில் 1 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, பட்டையாக இருந்து அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ அது ஜவுளி நூலே இல்லை, பிளாஸ்டிக். ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இலை போலத் தொங்கவிடும் பட்டைகள் பெரும்பாலும் 5 மில்லிமீட்டரைவிட அகலமாக இருக்கும், அப்போது வலைக்கு அடையாளம் தருவது வலைப் பாகமா பட்டைப் பாகமா என்ற கேள்வி வரும். உடம்பு முழுக்கத் தழை தொங்கும் வேட்டை உடையும் இப்படித்தான். இந்த இரண்டுக்கும் ஊகத்தில் கோடு போடாமல், சரக்கு போகும் முன்பே சுங்கத் துறையிடம் கோடைக் கேட்டு வாங்கும் முன்தீர்ப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றவை சுலபம். செயற்கை இழைத் தார்ப்பாய் 6306 12, செயற்கை இழைக் கூடாரம் 6306 22. துணித் தொப்பி 6505. துணிப் பெல்ட் 6217. கையுறை பின்னல் என்றால் 6116, நெசவு என்றால் 6216. வெளிப்பக்கம் துணியாலான முதுகுப்பை 4202 92. தூங்கும் பை 9404 30. முகத்தில் பூசும் பச்சை மை மேக்கப் சாமானோடு 3304.

ஏழாம் படி: கோடிலிருந்து வரிக்கு

6 இலக்கம் உலகத்துக்குப் பொது. அதற்கு மேலுள்ள இலக்கங்கள் ஒவ்வொரு நாட்டின் சொந்தம்: இந்தியாவில் 8, அமெரிக்காவில் 10. பையர் சொல்லும் 10 இலக்கத்தை அப்படியே நம் ஷிப்பிங் பில்லில் போட முடியாது. முதல் 6 ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் சரக்கு கிளம்பும் முன் பேசித் தீர்த்துவிடுங்கள். நம் பக்கம் ஏற்றுமதி செய்கிறவருக்கு வரியைத் திருப்பித் தரும் டிராபேக்கும் ஆர்ஓஎஸ்சிடிஎல்லும் இந்தக் கோடை வைத்துத்தான் வருகின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 61, 62-ன் பெரும்பாலான உடைகளுக்குப் பொது வரி 12%. ஆஸ்திரேலியாவுக்கு 2022 டிசம்பர் 29 முதலும், ஐக்கிய அரபு அமீரகத்துக்கு 2022 மே 1 முதலும் ஒப்பந்தம் நடப்பில் இருப்பதால், சரியான ஆரிஜின் சான்றிதழ் (எந்த நாட்டில் செய்தது என்ற சான்று) இருந்தால் அங்கே நம் உடைக்கு இருந்த 5% வரி இல்லை. அமெரிக்காவில் அட்டவணை வரிக்கு மேலே தனியாகவும் வரி ஏறும். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்குக் கூடுதல் வரி முதலில் 25%, பிறகு 50% என்று ஏறியபோது திருப்பூர் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்தக் கூடுதல் வரிகள் கோடை விட வேகமாக மாறுகின்றன. கப்பல் ஏறும் வாரத்தில் பார்க்கும் வரிதான் வரி.

இறக்குமதி செய்கிறவர்களுக்கு: வெளிநாட்டிலிருந்து தைத்த உடை வந்தால் அடிப்படைச் சுங்க வரி பொதுவாக 20%. பல வரிசைகளில் '20% அல்லது பீஸுக்கு இத்தனை ரூபாய், எது அதிகமோ அது' என்று இருக்கும். பின்னல் துணியில் 9 வரிசைகளுக்கு 2025 பட்ஜெட்டில் '20% அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், எது அதிகமோ அது' என்று ஆக்கினார்கள். விலை மலிவான செயற்கை இழைத் துணிக்கு அந்த 115 ரூபாய்தான் கடிக்கும். அதனால் கிலோ விலையை வைத்து இரண்டு கணக்கும் போட்டுப் பாருங்கள். இதன் மேல் ஐஜிஎஸ்டி: உடைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் பீஸ் 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 18%.

எட்டாம் படி: டிசைனுக்கான வேலை

கோடுக்குத் தேவைப்படாத டிசைன், சட்டத்துக்குத் தேவைப்படும்.

பார்படாஸ், ஜமைக்கா, டிரினிடாட், செயின்ட் லூசியா ஆகிய நாடுகளில் பொதுமக்கள் கேமோ உடை அணியவே தடை. கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் கேமோ தொப்பி போட்டுக்கொண்டு விமானம் இறங்கினால்கூடச் சிக்கல். ஜிம்பாப்வேயிலும் இப்படியே. மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கலப்பு ஆர்டர் ஒன்று வந்து அதில் கேமோ ஷார்ட்ஸும் இருந்தால், துணி வெட்டும் முன் பையரிடம் எழுத்தில் கேளுங்கள்.

நம் ராணுவத்தின் புதிய போர்ச் சீருடை 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தில் அறிமுகமானது. ஃபேஷன் டெக்னாலஜிக்கான தேசிய நிறுவனம் நிஃப்ட் வடிவமைத்தது, 70:30 பருத்தி பாலியெஸ்டர். அந்த டிசைன் ராணுவத்தின் பெயரில் கொல்கத்தாவில் பதிவாகியிருக்கிறது. அனுமதி இல்லாமல் அதை ஸ்கிரீன் போட்டு ஓட்டக் கூடாது. ராணுவ வீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அத்தகைய உடை அணிவது பாரதிய நியாய சன்ஹிதா 168-ன்படி குற்றம், 3 மாதம் வரை சிறை. வெளிநாட்டு டிசைன்களும் சும்மா கிடப்பவை இல்லை: மல்டிகேம், ரியல்ட்ரீ, மோஸி ஓக் எல்லாம் உரிமம் உள்ளவை. பையர் உரிமக் கடிதம் தரட்டும், அப்புறம் ஸ்கிரீன் செய்யலாம்.

இரவுக் கேமராவிலிருந்து ஆளை மறைக்கும் துணி இன்னொரு விஷயம். பச்சை இலை 700 நானோமீட்டருக்கு மேலுள்ள அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். சாதாரணச் சாயம் அதே அளவு திருப்பாது. அதனால் கேமராவில் ஆள் மட்டும் வேறு நிறத்தில் தனியாகத் தெரிவார். இதைச் சரிசெய்ய ஒவ்வொரு நிறத்துக்கும் ரிஃப்ளெக்டன்ஸ் அளவு கொடுத்து, பருத்திக்கு வாட் சாயம் கேட்பார்கள். பிரிண்டிங் மாஸ்டருக்குத் தலைவலி பிடித்த வேலை, ஆனால் ஹெச்எஸ் கோடு அதே பிரிண்ட் கோடுதான். அதே நேரம், ராணுவத்துக்கென்றே வடிவமைத்த மறைப்புப் பூச்சு என்றால் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு உள்ள பொருள்களின் ஸ்கோமெட் பட்டியலில் 6-ம் பிரிவைப் பார்த்து, பாதுகாப்பு உற்பத்தித் துறையின் அனுமதி வேண்டுமா என்று உறுதி செய்யாமல் சரக்கை நகர்த்தாதீர்கள்.

சந்தேகம் தீராவிட்டால்

கஸ்டம்ஸ் புரோக்கர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். சுய மதிப்பீட்டு முறையில் பொறுப்பு உங்கள் தலையில்தான். தவறு தெரிந்தால் 2 வருடம் வரையும், வேண்டுமென்றே மறைத்தது என்று நிரூபணமானால் 5 வருடம் வரையும் பின்னோக்கி வரி கேட்க முடியும். நம் நாட்டில் முன்தீர்ப்புக்கு மும்பையிலும் டெல்லியிலும் சுங்க முன்தீர்ப்பு ஆணையம் இருக்கிறது. அமெரிக்கச் சுங்கத் துறை தன் பழைய தீர்ப்புகளை இணையத்தில் இலவசமாகத் தேட விட்டிருக்கிறது. உங்கள் பீஸை ஒத்த ஒரு கேமோ ஜாக்கெட் அதில் பெரும்பாலும் கிடைக்கும். கலப்பு, ஜிஎஸ்எம், பாக்கெட் வரை எழுதி, ஏன் இந்தக் கோடு என்று காரணமும் சொல்லியிருப்பார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் மாதம் நான் தரும் வேலை தினம் அப்படி இரண்டு தீர்ப்பு படிப்பதுதான்.

இன்வாய்ஸில் 'ஆர்மி டிரெஸ்', 'கேமோ ஐட்டம்' என்று எழுதாதீர்கள். 'ஆண்களுக்கான நெய்த பேன்ட், 65% பாலியெஸ்டர் 35% பருத்தி, பிரிண்ட் செய்தது, பூச்சு இல்லை' என்று எழுதுங்கள். படிக்கிற அதிகாரிக்கு வரிசையாகப் பதில் கிடைத்துவிடும், பெட்டியைத் திறக்கத் தோன்றாது.

ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு ஃபைல் போடுங்கள். கைக்குட்டை அளவு துணித் துண்டு, லேப் ரிப்போர்ட், பீஸின் முன்பக்க பின்பக்கப் படம், ஜிஎஸ்எம் வெட்டிய மூன்று வட்டம், ஏன் இந்தக் கோடு என்று நாலு வரி, தேதி, கையெழுத்து. சோமனூர்க்காரருக்கு அன்று அப்படி ஒன்று போட்டுக் கொடுத்தேன். அடுத்த ஆர்டர் அதே டிசைனில் பருத்தி ட்வில்லாக வந்திருக்கிறது. பழைய ஃபைலையும் புதுத் துண்டையும் எடுத்துக்கொண்டு வந்து, "ஏனுங்ணா, இது 5209 52 தானுங்களே?" என்றார். வட்டம் வெட்டினோம், 2.38 கிராம் வந்தது. நூலைக் கொளுத்தினோம், சாம்பல் பொடியானது. சரியாகத்தான் சொல்லியிருந்தார்.